பேக்கிங் கிரெடிட்டும் ஏற்றுமதிக் காப்பீடும்: ஒரு நார்த்தூள் மில்காரனின் அனுபவம்

"கடைமடைத் தண்ணியும் பேங்க் கடனும் ஒண்ணு மாப்ள. முறை வைப்பாங்க, நாளைத்தான் சொல்ல மாட்டாங்க" என்பார் என் மச்சான். பேக்கிங் கிரெடிட் என்கிற ஏற்றுமதிக் கடனை மூன்று வருடம் ஓட்டிப் பார்த்ததில், அவர் சொன்னது முக்கால்வாசி சரி.

பேராவூரணிப் பக்கம் சின்ன மில் எங்களுடையது. தேங்காய் மட்டையில் நார் எடுத்ததுபோக மிஞ்சும் தூளை, வெளிநாட்டில் மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்க வாங்குகிறார்கள். அதை உப்புப் போக அலசி, களத்தில் காயவைத்து, ஐந்து கிலோ கட்டியாக அழுத்தித் தூத்துக்குடி வழியாக அனுப்புகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் களம் ஈரம், வேலை நடக்காது. கோடையிலேயே காயவைத்துச் சேர்த்தாக வேண்டும். சரக்கு சேர்ந்து, கப்பல் போய், வாங்கியவரின் அறுபது நாள் தவணையும் முடிந்து பணம் கைக்கு வர ஐந்து மாதம். இங்கே சனிக்கிழமை தவறாமல் கூலி. முன்பெல்லாம் தாக்குப்பிடிக்க முடியாமல் களத்திலேயே வியாபாரியிடம் ரொக்கத்துக்குத் தள்ளிவிடுவோம். அவர் தன் பெயரில் ஏற்றிக்கொள்வார்.

அந்த ஐந்து மாதத்தைத் தாண்டத்தான் பேக்கிங் கிரெடிட். ஆர்டரைக் காட்டினால் சரக்கு ஏற்றும் முன்பே வங்கி பணம் தரும். பில் பணம் வந்ததும் கடன் அடையும். சொன்ன கெடுவுக்குள் ஏற்றவில்லை என்றால் சலுகை வட்டி கிடையாது.

நான் போன கிளையில் மேலாளருக்கு நார்த்தூள் என்றாலே புரியவில்லை. "தூசிக்கா சார் வெளிநாட்டுல காசு குடுக்குறாங்க?" என்றார். மறுமுறை செங்கல் அளவுக்கு அழுத்திய 650 கிராம் நார்த்தூள் கட்டி ஒன்றைப் பையில் கொண்டுபோய், கூட்டுகிற அம்மாவிடம் வாளி கேட்டு, பின்கட்டில் தண்ணீர் ஊற்றினேன். கால் மணி நேரத்தில் வாளி நிறையப் பொங்கி நின்றது. கேஷியர்கூட எழுந்து வந்து பார்த்தார். அதற்குப் பிறகும் பட்டா, சிட்டா, வில்லங்கம் என்று ஐந்து வாரம் இழுத்தார்கள் என்பது வேறு கதை. சீசனில் ஐந்து வாரம் என்பது ஒரு கண்டெய்னர்.

வட்டி விஷயம். 2015-இல் மத்திய அரசு கொண்டுவந்த வட்டிச் சமன்படுத்தும் திட்டத்தில் எங்களைப் போன்ற சிறு தொழிலுக்கு 3 சதவீதம் குறைந்தது. 10 லட்சத்துக்கு 90 நாளில் ஏறக்குறைய 7,400 ரூபாய். பெரிய கம்பெனிக்கு இது டீச்செலவு. எனக்கு ஒரு வாரம் களத்தில் தூள் கிளறுகிறவர்களின் கூலி. 2024 டிசம்பர் 31-உடன் அந்தத் திட்டம் முடிந்தபோது வலித்தது.

ஆனால் நான் உண்மையில் சிபாரிசு செய்வது இ.சி.ஜி.சி. காப்பீட்டைத்தான். 1957-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். சிறு ஏற்றுமதியாளர் பாலிசியில், வாங்கியவர் திவாலானாலோ பணம் தராமல் போனாலோ இழப்பில் 95 சதவீதம் வரை கிடைக்கும். அந்த நாட்டில் போர், பணம் அனுப்பத் தடை என்றால் முழுதாக. பிரீமியம் நாட்டையும் தவணையையும் பொறுத்தது. இதெல்லாம் தெரியாத காலத்தில் ஒருவர் நாலரை மாதம் பணம் தராமல் இழுத்தார். வீட்டு நகை அடகுக்குப் போய்த் திரும்பியது.

பாலிசி எடுத்ததும் கிடைத்த முதல் லாபம் பணமே இல்லை. புது ஆள் ஒருவர் மூன்று கண்டெய்னரைக் கடனில் கேட்டார். அவர் பெயருக்கு எவ்வளவு வரை காப்பீடு தருவார்கள் என்று இ.சி.ஜி.சி.யிடம் லிமிட் கேட்டால் ஒன்றுக்குத்தான் வந்தது. ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். மச்சானுக்கு வருத்தம்.

ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சரக்கின் தரம் சரியில்லை என்று வாங்கியவர் தகராறு செய்தால் இந்தக் காப்பீடு கைகொடுக்காது. எங்கள் தொழிலில் சண்டையே அங்கேதான். உப்பளவு காட்டும் ஈ.சி. 0.5-ஐத் தாண்டினால் விலையை வெட்டுவார்கள். அதனால் கண்டெய்னருக்கு இரண்டு கட்டி மாதிரிக்கு எடுத்து, தேதி எழுதி மில் பரணில் போட்டுவைக்கிறேன். பரணில் இப்போது இடமில்லை, எலி வேறு.