நாமே கழற்றலாமா, மெக்கானிக்கைக் கூப்பிடலாமா?

மிக்ஸியில் மோட்டார் உறுமுகிறது, ஜாருக்குள் பிளேடு மட்டும் சுற்றவில்லை. ஜாரைத் தூக்கிப் பார்த்தால் அடியில் மோட்டாரையும் பிளேடையும் இணைக்கும் ரப்பர் கப்ளரின் பற்கள் மழுங்கிப் போயிருக்கும். இதற்கு மெக்கானிக் தேவையே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய கப்ளரைத் திருகி எடுத்து, அதே மாடலுக்கான புதியதைப் போட்டால் முடிந்தது. (சில மாடல்களில் மரை எதிர்த்திசையில் இருக்கும். வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள்.) ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று நின்றுபோனால் அதைவிட எளிது. பல மிக்ஸிகளின் அடிப்பக்கத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அதிகச் சுமையால் சூடேறினால் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆறவிட்டு அழுத்தினால் மறுபடி ஓடும்.

சீலிங் ஃபேனும் இந்த வகைதான். மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றால் முதல் சந்தேகம் கண்டென்சர் மீது, அதாவது மோட்டார் கிளம்ப உதவும் சிறு மின்பாகத்தின் மீது. அதன் அளவு பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். பழையதன் மேல் அச்சிட்டிருக்கும் அதே எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதிசெய்துகொண்டு மாற்றினால் அரை மணி நேர வேலை.

அதே கண்டென்சர் என்ற பெயரில் மைக்ரோவேவ் அடுப்புக்குள்ளும் ஒன்று இருக்கிறது. வீட்டுப் பொருள்களிலேயே நான் மிகவும் அஞ்சும் பாகம் அதுதான். அங்கே மின்னழுத்தம் சுமார் 2000 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். அதை வடித்துவிடும் ரெசிஸ்டர் பல மாடல்களில் இருந்தாலும், அந்த ரெசிஸ்டரே செத்துப்போயிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. ஃபேனில் வெற்றி பெற்ற கை அந்தத் தைரியத்தில் மைக்ரோவேவைத் திறக்கக் கூடாது.

செலவை வைத்துத்தான் பலரும் இந்த முடிவை எடுக்கிறார்கள். நான் முதலில் கேட்டுக்கொள்வது வேறு: என் வேலை தப்பாகிப்போனால் எது கெடும்? கப்ளரைத் தப்பாகப் போட்டால் மிக்ஸி ஓடாது, அவ்வளவுதான். மைக்ரோவேவில் தப்பு செய்தால் உயிரே போகலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் பொருள்கள்தான் உண்மையில் யோசிக்க வைப்பவை.

ஃபிரிட்ஜை எடுத்துக்கொள்வோம். ‘குளிர் ஏறவில்லை’ என்ற ஒரே புகாருக்குப் பின்னால் எத்தனையோ காரணங்கள். கதவு ரப்பர் தளர்ந்திருக்கலாம். ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்தால் அங்கே குளிர் கசிகிறது. பின்பக்கக் கம்பிச்சுருளில் தூசி அடைந்திருக்கலாம். இவை இரண்டும் வீட்டிலேயே தீரும். ஆனால் குளிரூட்டும் கேஸ் கசிவு என்றால் கதை வேறு. இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஆர்600ஏ, அதாவது தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன். சில பத்து கிராம் மட்டுமே பிடிக்கும். கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வாக்குவம் பம்ப் போட்டுக் குழாயைக் காலிசெய்து, தராசில் நிறுத்து ஏற்ற வேண்டிய கேஸ் அது. கருவியும் பயிற்சியும் இல்லாமல் தொடவே கூடாது.

தொழில்முறை ஆளிடமும் சிக்கல் இல்லாமல் இல்லை. கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்பிவிட்டுப் போனால், கேஸ் மறுபடி வெளியேறி அதே புகார் திரும்பி வரும். அதனால் ‘லீக் எங்கே இருந்தது, எப்படி அடைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். ஒரு ரிலே (போர்டில் இருக்கும் சிறு மின்சுவிட்ச்) போனதற்கு முழு போர்டையும் மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்குங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். விளக்கிச் சொல்வதில் அவருக்கே மகிழ்ச்சி இருக்கும்.

மெக்கானிக்கின் மதிப்பு எனக்குப் புரிந்தது ஓர் அயர்ன் பாக்ஸில். சூடே ஏறவில்லை. மின் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், அளவுக்கு மீறிச் சூடானால் அறுந்துபோகும் தெர்மல் ஃபியூஸ் போயிருந்தது. புதியதை வாங்கி, சால்டர் வைக்காமல் கிரிம்ப் செய்து, அதாவது இணைப்பை நசுக்கி இறுக்கி மாட்டினேன். (சால்டரிங் சூட்டிலேயே அந்த ஃபியூஸ் உருகிவிடக்கூடும்.) இரண்டு வாரம் நன்றாக ஓடிவிட்டு மறுபடி போனது. ‘ஃபியூஸே வேண்டாம், ஒயரை நேராக இணைத்துவிடு’ என்று ஒருவர் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். தீப்பிடிக்காமல் காப்பதற்குக் கடைசியாக நிற்கும் பாகம் அது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஃபியூஸைப் பார்க்கவே இல்லை, நேராகச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்குப் போனார். அதன் காண்டாக்ட்கள் ஒட்டிக்கொண்டு, சூடு ஏறிய பிறகும் மின்சாரத்தை நிறுத்தாமல் இருந்தன. நான் மாற்றியது செத்த பாகத்தை, அவர் தேடியது அதைச் சாகடித்த பாகத்தை. பாகம் மாற்ற யாரும் கற்றுக்கொள்ளலாம். காரணம் கண்டுபிடிக்கப் பல வருடக் கைப்பழக்கம் வேண்டும்.

வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியாவிட்டால் பம்ப் ஃபில்டரைத் திறந்து சில்லறை, ஹேர்பின் எடுப்பது நம் வேலை. தண்ணீர் மெதுவாக ஏறினால் இன்லெட் குழாயின் சல்லடையைக் கழுவுவதும் நம் வேலைதான். ஸ்பின்னில் இரைச்சலோடு டிரம் ஆடினால் பேரிங் போயிருக்கலாம். அது மெக்கானிக் வேலை. சில மாடல்களில் டப் பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருப்பதால் முழு டப்பையும் மாற்ற நேரிடும். அந்த நிலையில் மெஷினின் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்த எல்லைக்கோட்டைச் சட்டமே வரைந்த இடமும் உண்டு. 2021 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, ஃபிரிட்ஜின் கதவு ரப்பர், கைப்பிடி, தட்டு போன்றவை பொதுமக்களுக்கும் கிடைக்க வேண்டும். சர்க்யூட் போர்டு, தெர்மோஸ்டாட் போன்றவற்றைத் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்குக் கொடுத்தால் போதும். எனக்கு இந்தப் பிரிவு பெரும்பாலும் நியாயமாகவே படுகிறது.

வாரண்டி இருக்கும்வரை மூடியைத் திறக்காமல் இருப்பதே நல்லது. மற்ற நேரங்களில் வேலையைப் பாதிப்பாதியாகவும் பிரித்துக்கொள்ளலாம். எப்போது நிற்கிறது, என்ன சத்தம், என்ன வாடை என்று குறித்துவைத்து, மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினால், மெக்கானிக் சரியான பாகத்தோடு ஒரே தடவையில் வந்துவிடுவார்.

வேலையை யார் முடித்தாலும், எர்த் இணைப்புள்ள உலோக உடல் கொண்ட பொருள் என்றால் நான் ஒரு சோதனை செய்யாமல் பிளக்கை மாட்டுவதில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும், மறு முனையைப் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியிலும் வைப்பேன். ஓம் அளவு பூஜ்ஜியத்தை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் உள்ளே எர்த் ஒயரை மாட்ட மறந்திருக்கலாம், மறுபடி திறந்து பார்த்தாக வேண்டும்.