பத்து மடங்கு கைலென்ஸ்: ஓராண்டு கழுத்தில் மாட்டித் திரிந்த பிறகு

போன ஆடித் தள்ளுபடியில் 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது, 21 மி.மீ. வட்டம், எஃகு உறை. முதுநிலைப் புவியியல் மாணவிக்கு அது பெரிய தொகைதான். ஆனால் முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும்.

முன்பு வைத்திருந்தது 180 ரூபாய் லென்ஸ். ‘30 மடங்கு’ என்று பொறித்திருந்ததை ஒரு பருவம் முழுக்க நம்பினேன். கடையிலேயே சோதித்துவிடலாம்: 250 மில்லிமீட்டரை உருப்பெருக்கத்தால் வகுத்தால் குவியத் தூரம் கிடைக்கும். உண்மையான 30 மடங்கு லென்ஸில் கல் 8 மி.மீ. நெருக்கத்தில்தான் தெளியும். என்னுடையதில் இரண்டரை சென்டிமீட்டரிலேயே தெளிந்தது. அதாவது வெறும் 10 மடங்கு.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், நிற விளிம்பைத்தான் பொறுக்க முடியவில்லை. அம்மோனைட் என்பது சுருள் ஓட்டோடு வாழ்ந்து அழிந்துபோன கடலுயிர். அதன் அறைகளைப் பிரிக்கும் தடுப்பு, வெளி ஓட்டைத் தொடும் இடத்தில் ஒரு கோடு விழும். தையல்கோடு என்போம். ஓட்டுக்குள் நிரம்பிக் கல்லான அச்சில், ஓடு உதிர்ந்த பிறகு அது தெரியும். இந்தக் குடும்பத்தின் பழைய வகையான கோனியாடைட்களில் கோடு வெறுமனே வளைந்து ஓடும். பின்னர் வந்த டிரையாசிக் காலச் செராடைட்களில் பின்னோக்கிய வளைவுகளில் மட்டும் சிறு பற்கள் முளைக்கும். அதற்கும் பிந்திய ஜுராசிக், கிரிடேசியஸ் கால அம்மோனைட்களில் பெரும்பாலும் இரு பக்கமும் கிளைவிட்டுக் கொத்துமல்லி இலைபோல் விரியும். பரிணாமத்தின் போக்கே அந்த ஒரு கோட்டில் இருக்கிறது.

எங்கள் ஆய்வகத்தில் பெரம்பலூர் மாவட்டக் காரைப் பகுதி ஓடைச் சரிவிலிருந்து வந்த அம்மோனைட் துண்டு ஒன்று உண்டு. கட்டைவிரல் நகம் அளவு, ஏறத்தாழ 10 கோடி ஆண்டு வயது. பழைய லென்ஸில் முன்வளைவு மொழுக்கென்று தெரிந்தது; படத்தையும் அப்படியே வரைந்தேன். நீலமும் மஞ்சளுமாகக் கசிந்த விளிம்பு நுண்பற்களை விழுங்கியிருந்தது. புது லென்ஸை வைத்தேன். கிளைக்குள் கிளை, அதற்குள்ளும் கிளை! படத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக வரைந்தேன்.

அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிடைக்கும் கிரைபியா என்ற தடித்த புதைபடிவச் சிப்பியின் முதுகிலும் இதைப் பிடித்துப் பார்த்தேன். வெற்றுக்கண்ணுக்கு வெள்ளைக் கறை. லென்ஸில் வரிவரியாக ஊசித்துளைகள்: பிரையோசோவா என்னும் நுண்ணிய கடல்விலங்குகளின் கூட்டம், ஒவ்வொரு துளையும் ஓர் உயிர் குடியிருந்த அறை. இறந்த சிப்பியும் கடலடியில் இன்னொன்றுக்கு இடமாகியிருக்கிறது.

குறையும் உண்டு. ஆறாம் மாதம் மடக்குத் திருகு தளர்ந்தது. விற்றவர்களுக்கு இரு முறை எழுதியும் பதில் இல்லை; கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் 20 ரூபாய் வாங்கிக்கொண்டு இறுக்கிக் கொடுத்தார். ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிர்களின் மிகச் சிறிய ஓடுகளுக்கு இது போதாது, நுண்ணோக்கிதான் வேண்டும்.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு கல்லைத்தான் அருகே கொண்டுவர வேண்டும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி கல்லைச் சாய்த்தால் தையல்கோடு எழும்பி நிற்கும். இந்த ஆண்டு இளங்கலையில் சேரும் தங்கைக்கும் இதையே வாங்கச் சொல்லியிருக்கிறேன். கயிறு உடன் வராது. தனியாக வாங்க வேண்டும்.