கால்நடை உற்பத்திச் சங்கிலி மேலாண்மை: நெதர்லாந்து முதுகலைப் படிப்பு யாருக்குச் சரிப்படும்?

பி.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவப் பட்டம்) முடித்து, ஒரு தனியார் பால் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருந்துவிட்டு இந்தப் படிப்புக்குப் போனேன். குறையும் சொல்லப்போவதால் கல்லூரிப் பெயர் வேண்டாம். ஆங்கில வழி, ஒரே வருடம், 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 28 மணி நேர உழைப்பு என்பது அந்த நாட்டுக் கணக்கு. ஒரு மணி நேரம்கூட விடாமல் வாங்கிவிடுகிறார்கள்.

மாட்டைப் பற்றிப் படிக்கலாம் என்று போகாதீர்கள். தீவனம், இனவிருத்தி, நோய் எல்லாம் தெரிந்துதான் வந்திருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டே பாடம் தொடங்கும். கறந்த பால் டீக்கடை போய்ச் சேரும்வரை எத்தனை கை மாறுகிறது, எந்தக் கையில் எவ்வளவு தங்குகிறது என்பதுதான் இங்கே படிப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது சங்கிலி வரைபடப் பயிற்சி. பெரிய தாளில் கீழே தீவனக் கடை, மேலே நுகர்வோர், நடுவில் கைமாற்றுபவர்கள். ஓரத்தில் வங்கி, இன்சூரன்ஸ், சினை ஊசி போடுபவர், சட்டம் போடும் அரசு. ஒவ்வொரு அம்புக்குறியிலும் விலையை எழுத வேண்டும். கடையில் 60 ரூபாய்க்கு விற்கும் பாலில் விவசாயிக்கு 36 ரூபாய் என்றால் அவர் பங்கு 60 சதவீதம். அதே பால் தயிராகவோ பன்னீராகவோ போனால் பங்கு குறையும், ஆனால் கம்பெனி கூடுதல் விலை கொடுத்தால் கையில் நிற்கும் காசு கூடலாம். சதவீதத்தை மட்டும் காட்டி ‘சுரண்டல்’ என்று முடிவுகட்டும் பழக்கம் எனக்கு அங்கேதான் போனது.

டச்சுக்காரர்களின் சொந்தக் கதையும் நல்ல பாடம். இவ்வளவு பால்தான் உற்பத்தி செய்யலாம் என்று 1984 முதல் இருந்த பால் கோட்டா 2015 ஏப்ரலில் போனது. பண்ணைகள் மாடுகளைப் பெருக்கின, சாணத்தில் வரும் பாஸ்பேட் வரம்பைத் தாண்டியது. 2018இல் பாஸ்பேட் உரிமை வந்தது, அதாவது கறவை மாட்டுச் சாணத்தில் இவ்வளவு பாஸ்பேட்தான் வரலாம் என்று பண்ணைக்குப் பண்ணை ஒரு வரம்பு. பாலுக்குப் போட்ட கடிவாளத்தை அவிழ்த்துச் சாணிக்குப் போட்டார்கள்.

குறைக்கு வருவோம். எடுத்துக்காட்டெல்லாம் நூறு மாட்டுப் பண்ணை, ரோபோ கறவை. மாடு தானாக உள்ளே போகும், லேசர் காம்பைத் தேடிக் கறவைக் குப்பியை மாட்டும். பார்க்க அழகுதான், இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு என்ன பயன்? நான் ஆய்வுக்கு எடுத்தது பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளா போகும் மாடுகள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகரை ‘இடைத்தரகர்’ என்று ஒரே கட்டத்தில் அடைக்கச் சொன்னார்கள். விலை பேசுவதும், லாரி பிடிப்பதும், பணம் வரும்வரை பொறுப்பு ஏற்பதும் அவர்தான் என்று புரியவைக்கவே பாதி உயிர் போனது. எத்தியோப்பியத் தோழிக்கும் ஒட்டகப் பாலில் இதே தொல்லை. வகுப்புத் தோழர்களிடம் கற்றது தனிப் படிப்பு.

மதிப்பெண்ணில் கை இறுக்கம். 10க்கு 5.5 பாஸ், 8 வந்தால் கொண்டாடலாம். மதியச் சாப்பாடு குளிர்ந்த ரொட்டியும் சீஸும், அவ்வளவுதான்.

பால், கோழி, இறைச்சி கம்பெனியிலோ தொண்டு நிறுவனத்திலோ கொஞ்ச காலம் புழங்கியவர்கள் உதவித்தொகை கிடைத்தால் தயங்காமல் போகலாம். கைக்காசு போட்டு என்றால் யோசியுங்கள். படித்தபின் வேலை தேட ஒரு வருட அனுமதி உண்டு, ஆனால் டச்சு தெரியாமல் பண்ணைத் துறையில் நுழைவது கஷ்டம். கால்நடைக் கல்லூரியில் ஆசிரியராகும் எண்ணமிருந்தால் நம் ஊர் கால்நடை மருத்துவ முதுகலையான எம்.வி.எஸ்சி.தான் நேர்வழி.