தக்கலை கம்ப்யூட்டர் சர்வீஸ்: ஃபார்மட் போடாமலே நெட்வொர்க்கைச் சரிசெய்து கொடுத்தார்கள்

மார்த்தாண்டத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஸ்கேன் செய்ததை நேராக ஃபோல்டருக்கு அனுப்பும் பழைய காப்பியர் ஒன்று. புதிதாக விண்டோஸ் 11 சிஸ்டம் வாங்கியதும் தலைவலி ஆரம்பம். அதில் இன்டர்நெட் நன்றாக ஓடுகிறது, ஆனால் நெட்வொர்க்கைத் திறந்தால் மற்ற கம்ப்யூட்டர் ஒன்றுமே தெரிவதில்லை. கல்யாண சீசன் வேறு, பத்திரிகை டிசைன் இங்கே, பிரிண்டர் அங்கே, நடுவில் பென்டிரைவோடு ஓட்டம்.

முதலில் வந்தவர் (வேறு கடைக்காரர், பெயர் வேண்டாம்) ஃபயர்வாலை மொத்தமாக அணைத்தார், எஸ்எம்பி 1-ஐ (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பழைய முறை) ஆன் செய்தார், அப்படியும் வரவில்லை என்றதும் "ஃபார்மட் போட்டுடலாம்" என்றார். தமிழ் ஃபாண்ட் எல்லாவற்றையும் அப்போதுதான் ஏற்றி முடித்திருந்தோம், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

அப்புறம் தெரிந்தவர் சொல்லி, தக்கலை பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருக்கும் சர்வீஸ் கடையைக் கூப்பிட்டேன். வந்த தம்பி எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை அடித்து, அது காட்டிய ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் நம்பரை, ஒரு துண்டுச் சீட்டில் எழுதினான். பழைய இரண்டும் 192.168.1 வரிசை, புதியது மட்டும் 192.168.0. இன்டர்நெட் வரும் ஃபைபர் பெட்டி ஒரு நெட்வொர்க், உள்ளறை வைஃபைக்காக வைத்த ரௌட்டர் இன்னொரு நெட்வொர்க், அதாவது ஒரே கடைக்குள் இரண்டு தெரு. இன்டர்நெட் இரண்டுக்கும் வரும், ஆனால் "நான் இங்கே இருக்கிறேன்" என்று கம்ப்யூட்டர் கொடுக்கும் குரல் அடுத்த தெருவுக்குப் போகாது. உள்ளறை ரௌட்டருக்கு 1 வரிசையிலேயே காலியாக இருந்த ஒரு முகவரி கொடுத்து, அதன் டிஹெச்சிபியை (கம்ப்யூட்டர்களுக்குத் தானாக நம்பர் கொடுக்கும் வசதி) அணைத்து, வான் போர்ட்டில் (வெளி இணைப்புக்கான துளை) இருந்த கேபிளை லான் போர்ட்டுக்கு (உள் இணைப்புக்கான துளை) மாற்றினான். மூன்றும் ஒரே வரிசைக்கு வந்துவிட்டன.

அதோடு முடியவில்லை. புதிய சிஸ்டத்தில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தது, அதை 'பிரைவேட்' ஆக்கி, கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று பார்க்க உதவும் நெட்வொர்க் டிஸ்கவரியை ஆன் செய்தான். பிரிண்டர் மாட்டிய கம்ப்யூட்டர் மட்டும் அப்போதும் பட்டியலில் வரவில்லை. "அக்கா, பேரு வரலன்னா நம்பர் போட்டுக் கூப்பிட்டுப் பாருங்க" என்று ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்கோடும் ஐபி முகவரியும் அடித்தான், ஃபோல்டர் உடனே திறந்தது! பாதை சரி, பெயரை அறிவிக்கும் சர்வீஸ்தான் அந்தக் கம்ப்யூட்டரில் நின்று கிடந்திருக்கிறது. ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்று பெயர், அதை ஆட்டோமேட்டிக்கில் போட்டதும் பெயரும் வந்துவிட்டது. இனி நம்பர் மாறாமல் இருக்க பிரிண்டர் கம்ப்யூட்டரின் முகவரியை ஃபைபர் பெட்டியிலேயே நிரந்தரமாக ஒதுக்கி வைத்தான்.

போகிற போக்கில் ஃபயர்வாலைத் திரும்ப ஆன் செய்து எஸ்எம்பி 1-ஐ அணைத்துவிட்டான். பழைய காப்பியருக்கு அது இல்லாமல் ஃபோல்டருக்கு ஸ்கேன் அனுப்பத் தெரியாது, கேட்டும் பார்த்தேன், மறுத்துவிட்டான். 2017-இல் வானாக்ரை வைரஸ் பரவியது அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான், அதே வருடம் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்டே புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது அதைச் சேர்ப்பதில்லை. ஸ்கேன் இப்போது பென்டிரைவில்தான் எடுக்கிறோம், கொஞ்சம் சிரமம்தான். ஆனால் ஊர் ஜனங்களின் ஆதார் நகலும் பத்திரமும் கிடக்கிற கம்ப்யூட்டர் இது, அதனால் அவன் மறுத்தது ரொம்பச் சரி.

மார்த்தாண்டம் வரை வந்துபோன செலவோடு 600 ரூபாய் வாங்கினார்கள், நியாயம். குறை என்றால், மத்தியானம் போனை எடுப்பதே இல்லை, ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. கூப்பிடுகிறவர்கள் கடையில் எத்தனை ரௌட்டர், எது எதில் மாட்டியிருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதி நேரம் மிச்சமாகும்.