டெஸ்க்டாப் ஆப் கற்றுத்தரும் கோர்ஸா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பைத்தானில் டெஸ்க்டாப் அப்ளிகேஷன் செய்யக் கற்றுத் தருகிறோம் என்று விற்கப்படும் ஒரு ஆன்லைன் கோர்ஸில் பணத்தைக் கட்டிவிட்டு, கற்றுக்கொண்டதைவிட அவர்களோடு மல்லுக்கட்டியதுதான் அதிகம். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே அச்சில் வார்த்த கோர்ஸ்கள் வேறு பெயர்களிலும் சுற்றுகின்றன, ஒன்றை மட்டும் சொன்னால் மற்றவை தப்பித்துவிடும். ஏமாற்று எந்தெந்த இடத்தில் நடக்கிறது என்று தெரிந்தால் நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

விற்பனைப் பக்கத்தில் சொன்னது இவ்வளவு: பன்னிரண்டு ப்ராஜெக்ட், இந்த ஆண்டுக்கான புதிய பதிப்பு, ஒரே கட்டளையில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஆப் தயார், செய்ததை அப்படியே விற்றுக்கொள்ளலாம், பிடிக்கவில்லை என்றால் முழுப் பணமும் வாபஸ். மேலே சலுகை முடிய இன்னும் இத்தனை நிமிடம் என்று ஒரு கடிகாரம். பிரவுசரில் குக்கியை அழித்துவிட்டுத் திறந்தால் அந்தக் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும், அது தனிக்கதை.

புதிய பதிப்பு என்றார்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முதல் பாடத்தில் பைக்யூடி 6 நிறுவச் சொல்கிறார்கள் (விண்டோ, பட்டன் எல்லாம் செய்யும் க்யூடி என்ற தொகுப்பைப் பைத்தானில் பயன்படுத்த உதவுவது பைக்யூடி). ஆனால் வீடியோவில் ஓடும் கோடு (ப்ரோக்ராம் வரிகள்) முழுக்க அதன் பழைய பதிப்பான பைக்யூடி 5. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் 6-இல் ஆப்பை ஓடவிடும் எக்ஸெக் ஃபங்ஷனின் வாலில் இருந்த அடிக்கோடு போய்விட்டது, எழுத்தை நடுவில் நிறுத்தும் கான்ஸ்டன்ட் போன்றவற்றை முழுப்பெயரோடு எழுத வேண்டும், மெனுவுக்கான க்யூஆக்‌ஷன் வேறு மாட்யூலுக்கு மாறிவிட்டது. தெரிந்தவருக்கு இது பத்து நிமிட வேலை. புதிதாகக் கற்பவர் வீடியோவில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அடித்தும் சிவப்பில் எரர் வந்தால், தன்னால்தான் முடியவில்லை என்று நினைத்துக்கொள்வார். கோர்ஸின் மாணவர் குழுவில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அட்மின் தந்த பதில்: “வீடியோவை மறுபடி கவனமாகப் பாருங்கள்.”

பன்னிரண்டு ப்ராஜெக்ட்டும் அடிப்படையில் ஒரே விண்டோதான். கால்குலேட்டர், கடிகாரம், செய்யவேண்டியவை பட்டியல், லாகின் ஸ்கிரீன் என்று பெயர் மாறும், நிறம் மாறும், அவ்வளவே. லாகின் ஸ்கிரீனில் பாஸ்வேர்ட் கோடுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது! மாணவர் பதிவேடு என்ற ப்ராஜெக்ட்டில் பயனர் தட்டிய பெயரை அப்படியே எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் பேசும் மொழி) வரிக்குள் ஒட்டி எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸுக்கு அனுப்புகிறார்கள். பெயரில் ஒற்றை மேற்கோள்குறி ஒன்று வந்தாலே போதும், அந்த இடத்தில் உடையும். பெயர் வரும் இடத்தில் கேள்விக்குறி போட்டு மதிப்பைத் தனியாக அனுப்பும் வழி பைத்தானோடு வரும் எஸ்க்யூலைட் மாட்யூலிலேயே இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பட்டன், லேபிள் போன்ற எல்லா விட்ஜெட்டையும் பிக்சல் கணக்கு போட்டு ஒட்டியிருக்கிறார்கள்: இடமிருந்து 120, மேலிருந்து 80 என்று. அவர்கள் திரையில் அழகாக இருக்கிறது. திரையில் எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை 150 சதவீதம் வைத்திருக்கும் லேப்டாப்பில் எழுத்து பெருத்து பட்டனுக்குள் வெட்டுப்படலாம், விண்டோவை இழுத்துப் பெரிதாக்கினால் எல்லாம் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ளும். விண்டோவின் அளவுக்கேற்ப விட்ஜெட்களைத் தானே அடுக்கும் லேஅவுட் என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான். க்யூடியில் செங்குத்து, கிடை, கட்ட லேஅவுட்கள் இருக்கின்றன. பைத்தானோடு வரும் இன்னொரு விண்டோ தொகுப்பான டிகின்ட்டரில் கிரிட் போட்டு நெடுவரிசைக்கு வெயிட் கொடுத்தால் விண்டோவோடு சேர்ந்து அதுவும் விரியும். கோர்ஸில் லேஅவுட் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் வருகிறது. அந்தப் பகுதிக்குத் தனிக் கட்டணம்.

ஆனால் எனக்கு உண்மையில் கோபம் வந்தது இதிலெல்லாம் இல்லை. ஒரு ஃபோல்டரில் உள்ள ஆயிரக்கணக்கான ஃபைல்களைப் படித்து விவரம் எடுக்கும் சின்ன ஆப் ஒன்று செய்தேன். பட்டனை அழுத்தியதும் விண்டோ வெளுத்து ‘நாட் ரெஸ்பாண்டிங்’. இந்தத் துறையில் கால் வைக்கும் எவருக்கும் வரும் பிரச்சினை இது, டிகின்ட்டரோ, ஜாவா ஸ்விங்கோ, மைக்ரோசாஃப்ட்டின் டபிள்யூபிஎஃப்போ, எந்த விண்டோ தொகுப்பில் செய்தாலும் வரும். விண்டோ உள்ள எந்த ப்ரோக்ராமும் ஒரு சுழற்சிக்குள் உட்கார்ந்திருக்கிறது: மவுஸ் அசைந்தது, கீ அழுத்தப்பட்டது, இந்தப் பகுதியை மறுபடி வரை என்று வரும் ஒவ்வொரு செய்தியையும் வரிசையில் எடுத்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். பட்டனுக்கு நாம் எழுதிய ஃபங்ஷனும் அந்த வரிசைக்குள்தான் ஓடுகிறது. அது திரும்பி வரும்வரை வரைவதற்கும் ஆளில்லை, க்ளிக்கைக் கேட்கவும் ஆளில்லை. இதைச் சொல்லித் தராமல் டெஸ்க்டாப் ஆப் சொல்லித் தருவது ஏமாற்று, வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

கேட்டதற்கு என்ன சொன்னார்கள் தெரியுமா, ஃபைல் படிக்கும் லூப்புக்குள், காத்திருக்கும் செய்திகளை அப்போதே கவனிக்கச் சொல்லும் ப்ராசஸ்ஈவென்ட்ஸ் என்று ஒரு வரி போடுங்கள், சரியாகிவிடும். போட்டேன். விண்டோ அசைந்தது. அப்புறம் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே பட்டனை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தால், முதல் வேலையின் வயிற்றுக்குள்ளேயே இரண்டாவது வேலை கிளம்புகிறது, பட்டியலில் எல்லாம் இரண்டிரண்டாக வருகிறது. அதைச் சொன்னதும் அடுத்த வைத்தியம்: தனி த்ரெட்டில் (அதே ப்ரோக்ராமுக்குள் இணையாக ஓடும் இன்னொரு பாதையில்) ஓட்டி, அங்கிருந்தே லேபிளை மாற்றுங்கள். இது முன்னதைவிட மோசம். விட்ஜெட்களை, விண்டோவின் சுழற்சி ஓடும் முதன்மை த்ரெட்டிலிருந்து மட்டுமே தொட வேண்டும் என்று க்யூடியின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. மீறினால் சில நேரம் ஓடும், சில நேரம் எந்த எரரும் காட்டாமல் ஆப் விழும். சரியான வழி, வேலையை வேறு த்ரெட்டில் விட்டு, முன்னேற்றத்தை சிக்னலாக, அதாவது க்யூடியின் அறிவிப்பாக, அனுப்புவது. த்ரெட் மாறும் சிக்னலை க்யூடியே முதன்மை வரிசையில் சேர்த்துவிடும். டிகின்ட்டரில் என்றால் ஒரு க்யூவில் (வரிசையில்) போட்டுவிட்டு, ஆஃப்டர் என்ற டைமர் ஃபங்ஷன் மூலம் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பது. இதை நான் க்யூடி ஆவணங்களிலிருந்தும் பைத்தானின் சொந்த ஆவணங்களிலிருந்தும் படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டும் இலவசம்.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சிக்னல்-ஸ்லாட் என்றால் என்ன என்று விளக்கும் ஒரு வீடியோ நன்றாகவே இருந்தது. அதைத்தான் ட்ரெய்லராகவும் போட்டிருக்கிறார்கள்.

ஒரே கட்டளையில் மூன்று இயங்குதளம் என்றது அப்பட்டமான பொய். அவர்கள் காட்டுவது பைத்தான் ப்ரோக்ராமை நேரடியாக ஓடும் ஆப்பாகக் கட்டித் தரும் பைஇன்ஸ்டாலர். நல்ல கருவிதான், ஆனால் எந்த இயங்குதளத்தில் ஓட்டுகிறோமோ அதற்கு மட்டுமே கட்டிக் கொடுக்கும். விண்டோஸில் உட்கார்ந்து மேக் ஆப் எடுக்க முடியாது. ஒற்றை ஃபைலாகக் கட்டினால், ஓடும்போது அது உள்ளடக்கத்தை ஒரு தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப் போடும், அதனால் ஐகான், படம் எல்லாவற்றையும் கட்டும்போதே உள்ளே சேர்த்து, பாதையையும் அதற்கேற்ப எழுத வேண்டும். எழுதாவிட்டால் நம் மெஷினில் பளிச்சென்று ஓடும், அடுத்தவர் மெஷினில் படம் காணாமல் போகும் அல்லது திறக்கவே திறக்காது. கையொப்பமிடாத எக்ஸிஇ என்றால் விண்டோஸ் எச்சரிக்கை காட்டலாம், ஆன்டிவைரஸும் வீணாகச் சந்தேகப்படலாம். இவ்வளவு இருக்கும் விஷயத்துக்கு ஒரு குட்டி வீடியோ, அதிலும் பாதி அறிமுக இசை.

லைசென்ஸ் விஷயம்தான் நிஜமாகவே ஆபத்து, இதை அவசரமாகப் படிக்காதீர்கள். செய்ததை அப்படியே விற்கலாம் என்கிறார்கள். பைக்யூடி, மூலக்கோடைப் பகிரச் சொல்லும் ஜிபிஎல் லைசென்ஸின் மூன்றாம் பதிப்பின் கீழ் கிடைக்கிறது, இல்லையென்றால் அதை உருவாக்கும் ரிவர்பேங்க் கம்ப்யூட்டிங்கிடம் வணிக லைசென்ஸ் வாங்க வேண்டும். ஜிபிஎல் பதிப்பை வைத்து ஆப் செய்து ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்தால், மூலக்கோடையும் அதே நிபந்தனைகளோடு அவருக்குத் தரக் கடமைப்பட்டவர் நீங்கள். மூலக்கோடைத் தராமல் விற்கும் எண்ணம் இருந்தால், க்யூடியைப் பைத்தானில் பயன்படுத்த க்யூடி நிறுவனமே வெளியிடும் பைசைட் 6, தளர்வான எல்ஜிபிஎல் லைசென்ஸிலும் கிடைக்கிறது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு, ஆனால் உங்கள் சொந்தக் கோடை வெளியிடும் கட்டாயம் இல்லை. இரண்டிலும் எழுதும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான், முதல் நாளே பைசைட்டில் ஆரம்பித்திருக்கலாம். இவர்களுக்கு இது தெரியாமல் இல்லை என்று நான் நினைக்கக் காரணம் இருக்கிறது. நோட்பேட் ப்ராஜெக்ட்டில் ஒரு வேரியபிளின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தது, அதை அப்படியே தேடினால் பொதுவில் கிடக்கும் ஒரு ஜிபிஎல் ப்ராஜெக்ட் வந்து நிற்கிறது. அதே கோடு, அதே பிழை. எழுதியவரின் காப்புரிமை வரிகளை மட்டும் மேலிருந்து வெட்டிவிட்டு ‘எங்கள் பிரத்தியேக சோர்ஸ் கோடு’ என்று விற்கிறார்கள்.

சரி, பணம் வாபஸ் கேட்போம் என்று போனால், ப்ராஜெக்ட் ஃபைலை டவுன்லோட் செய்தவருக்கு வாபஸ் கிடையாது என்று நிபந்தனைகளின் அடியில் ஒரு வரி. அந்த ஃபைலை டவுன்லோட் செய்யாமல் முதல் பாடத்தையே தொடங்க முடியாது. குழுவில் இதைக் கேட்டேன், மெசேஜ் அழிந்தது, நானும் வெளியே. தனியாக எழுதியதற்கு, அட்வான்ஸ்டு பகுதிக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள்.

கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்தேன், பணம் திரும்ப வந்தது. அங்கே எடுபட்டது பாடம் மோசம் என்ற வாதம் இல்லை, அதை வங்கி எடைபோட முடியாது. விற்பனைப் பக்கத்தில் மூன்று இயங்குதளம் என்று எழுதியிருந்த வரியின் ஸ்க்ரீன்ஷாட், அது முடியாது என்று சொல்லும் பைஇன்ஸ்டாலர் ஆவணத்தின் பக்கம், வாபஸ் மறுத்த மெயில், இந்த மூன்றும்தான். நான் புகார் கொடுத்த பிறகு அந்த வரியைப் பக்கத்திலிருந்து தூக்கிவிட்டார்கள், ஆகவே ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் உள்ளே போய்ச் சண்டை போடும் முன்பே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கட்டாதவர்கள், பட்டனை அழுத்தினால் ஐந்து நிமிடம் ஓடும் வேலைக்கு விண்டோ உறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். ப்ராசஸ்ஈவென்ட்ஸ் என்று பதில் வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.