பேக் டவுனா, பேக் அவுட்டா? பின்வாங்கும்போது எந்தச் சொல்?

டெல்லி ஓல்ட் ராஜிந்தர் நகரில் தங்கி ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது, நான் அதிகம் சிவப்பு மை வைப்பது இந்த இடத்தில்தான். தமிழில் 'பின்வாங்கினார்' என்றால் எல்லாவற்றுக்கும் ஓடிவிடும். ஆங்கிலத்தில் எதிலிருந்து பின்வாங்கினார் என்று பார்த்துத்தான் சொல்லை எடுக்க வேண்டும்.

ரொம்பக் குழப்புவது பேக் அவுட்டும் பேக் டவுனும். மயூர் விஹாரில் வீடு பார்த்து, டோக்கன் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. சாவி வாங்கப் போகிற அன்றைக்கு, "வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு" என்று வீட்டுக்காரர் கையை விரித்தால் அது பேக் அவுட். பேசி முடித்ததிலிருந்து கழன்றுகொள்வது. சென்னையில் 'ஜகா வாங்கிட்டாரு' என்பார்களே, அதேதான். பேக் டவுனுக்குப் பேசி முடித்த காரியம் எதுவும் தேவையில்லை, எதிர்த்து நிற்க ஆள் வேண்டும். அதே வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். குடியிருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து முடியாது என்றதும் பழைய வாடகைக்கே சம்மதிக்கிறார். இது பேக் டவுன்.

பேக் ஆஃப் என்பது ஒருவரை நெருக்குவதை விட்டு விலகுவது. நேருக்கு நேர் சொன்னால் 'கிட்ட வராதே' என்கிற சூடு அதில் உண்டு. நேர்முகத் தேர்வில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அரசாங்கம் பணிந்தால் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்த சொல் கிளைம்ப் டவுன். 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய 3 வேளாண் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் டெல்லியின் சிங்கு, டிக்ரி எல்லைகளில் ஏறக்குறைய ஓராண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவற்றைத் திரும்பப் பெறுவதாக 2021 நவம்பர் 19 அன்று பிரதமர் அறிவித்தார். 'அரசு இறங்கி வந்தது' என்று நாம் எழுதும்போது வருகிற தொனி அப்படியே கிளைம்ப் டவுனிலும் இருக்கிறது. ஆகவே தேர்வுத்தாளில் அதை எழுதினால் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். சட்டத்துக்கு 'ரிப்பீல்' போதும். பெட்ரோல் விலை, பஸ் கட்டணம் என்றால் ரோல் பேக்.

படைகளைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். 1987-இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் மொத்தமாகத் திரும்பிவிட்டது. அது புல் அவுட். 2021 பிப்ரவரியில் பாங்காங் ஏரிக்கரையில் இந்திய, சீனப் படைகள் நேருக்கு நேர் நின்ற இடத்திலிருந்து பின்னால் நகர்ந்தன. அது புல் பேக். இரண்டாவதற்குப் புல் அவுட் போட்டால், நம் ராணுவம் லடாக்கையே காலி செய்துவிட்டதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஒரு சொல்லில் எல்லைக்கோடே மாறிவிடும்!

ஸ்டெப் டவுன் பதவி விலகுவதற்கு மட்டும். அதில் யாரும் தடுமாறுவதில்லை.

கடைசியில் ஷாஜகான் ரோட்டில் உள்ள தோல்பூர் ஹவுஸ், அதாவது ஐ.ஏ.எஸ். தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி.யின் அலுவலகம். அங்கே நடக்கும் நேர்முகத்துக்கு 275 மதிப்பெண். போர்டில் ஒருவர் உங்கள் கருத்தை விடாமல் மடக்குகிறார் என்று வையுங்கள். 'ஐ பேக் டவுன்' என்று வாயிலிருந்து வரவே கூடாது, அது மிரட்டலுக்குப் பணிந்தவன் பேச்சு. தகவல் பிழையை அவர் சுட்டிக்காட்டினால் 'ஐ ஸ்டாண்ட் கரெக்டட், சார்'. அவர் வாதம் நியாயமாகப் பட்டால் 'ஐ வுட் ரீகன்சிடர் மை வியூ'. நியாயமாகப் படவில்லையா, சொன்னதிலேயே மரியாதையாக நில்லுங்கள்.