உலகத்துக்கே 7 பேர், எங்க டேபிள்ல மட்டும் 3 பேரா?

ரத்தக்காட்டேரியா நடிச்சு ஆடுற டேபிள்டாப் ரோல்பிளே கேம் வேம்பயர் தி மாஸ்கரேட், அதோட 20வது ஆண்டு எடிஷனுக்கு வந்த, அபூர்வ வம்சங்கள பத்துன லோர் ஆஃப் தி பிளட்லைன்ஸ் புக்க படிச்சு முடிச்சு, ஆட்டத்துலயும் இறக்கி பாத்தாச்சு. வழக்கமான 13 கிளானையும் (காட்டேரி குலங்க) ஆடி ஆடி சலிச்சவங்களுக்கு தான் இது, இப்ப தான் கேரக்டர் ஷீட் நிரப்ப கத்துக்கறவங்க கைல குடுத்துடாதீங்க, பாவம்.

பவர பாத்து வம்சத்த எடுக்காதீங்க, பலவீனத்த பாத்து எடுங்க. சாலுப்ரி வம்சத்துக்கு நெத்தில மூணாவது கண்ணு, காயம் ஆத்துற ஒபியாங்கற பவர், கேக்க நல்லா தான் இருக்கு. ஆனா சம்மதம் இல்லாத ஆள்கிட்ட ரத்தம் குடிச்சா வில்பவர் (மன உறுதி) பாயிண்ட் போயிடும், போதாக்குறைக்கு இவங்க மூதாதை சாலோட்டோட ரத்தத்த குடிச்சு தீத்த ட்ரெமியர் கிளான் கூட்டமே இவங்கள ஆன்மா திருடுறவங்கன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கு. எங்க டேபிள்ல சாலுப்ரி ஆடுனவன் ஒவ்வொரு சீன் ஆரம்பத்துலயும் "தொப்பிய இழுத்து விட்டுக்கறேன்"னு சொல்லிட்டே இருப்பான், ஒரு நாள் மறந்துட்டான், கதைய நடத்துற ஸ்டோரிடெல்லரான நானும் எதுவும் சொல்லாம இருந்துட்டு, எதிர்ல நிக்குற ட்ரெமியர் பேச்ச பாதில நிறுத்திட்டு உன் நெத்திய பாக்குறான்னு மட்டும் சொன்னேன். டைஸ எடுக்க போன கை அப்படியே நின்னுடுச்சு.

டாட்டர்ஸ் ஆஃப் கக்கோஃபனி வம்சமும் அதே மாதிரி, தலைக்குள்ள எப்பவும் பாட்டு ஓடிட்டே இருக்கும், பக்கத்துல ஆள் வந்தா கூட சட்டுனு தெரியாது. சமேதி அழுகுன பொணம் மாதிரி இருப்பாங்க, நாகராஜாவுக்கு ரத்தம் மட்டும் பத்தாது மனுஷ மாமிசமும் வேணும், இத டேபிள்ல எல்லாரும் ஓகே சொன்னா மட்டும் எடுங்க. கியாசிட் வம்சம் எனக்கு ஒட்டல, விட்டுட்டேன்.

குறைன்னா ட்ரூ புருஹா வம்சத்தோட டெம்போரிஸ் தான், நேரத்தையே வளைக்குற டிசிப்ளின் (காட்டேரி பவர்), சண்டைல யார் எப்ப ஆடணும்ங்கறதே குழம்பி போய் மத்தவங்க போன நோண்ட ஆரம்பிச்சுட்டாங்க. நான் தடை பண்ணிட்டேன்.

அப்புறம் ஸ்டோரிடெல்லருங்க ஒண்ணு செய்யுங்க, ஒரு டேபிளுக்கு ஒரே ஒரு அபூர்வ வம்சம்னு முதல்லயே சொல்லிடுங்க. பழைய கதைப்படி உலகம் பூரா ஒரு நேரத்துல 7 சாலுப்ரி தான், ஆனா அந்த தொப்பி சீன பாத்துட்டு இன்னும் ரெண்டு பேர் சாலுப்ரி கேட்டு வந்து நிக்குறானுங்க.